சுழல மறுத்த சக்கரம்



உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் அருகே சென்று சற்றே செவிகொடுத்துக் கேளுங்கள். நொடிக்கு ஒருமுறை 'டிக்' என்னும் ஓசை எழும். உள்ளிருக்கும் ஒன்றரை வோல்ட் மின்கலம் ஒரு கம்பிச்சுருளுக்கு நொடிதோறும் ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. அத்துடிப்பினால் சிறு காந்தம் ஒன்று அரைச்சுற்றுத் திரும்புகிறது. முள் ஒரு படி நகர்கிறது. மின்சாரத்தை இடையறாது செலுத்தாமல், வேண்டிய கணத்தில் மட்டும் துடிப்பாகக் கொடுத்து இயக்கும் இத்தகைய பொறியையே துடிப்பு மோட்டார் என்கிறோம். 1831இல் அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி, தன் ஆட்டத்தாலேயே மின்தொடர்பை மாற்றிக்கொண்டு ஆடும் மின்காந்தம் ஒன்றைச் செய்தார். இதன் மூதாதை அதுவே எனலாம்.

இத்தகைய மோட்டார் ஒன்றினால் என் தாய்மாமன் தம் உழைப்பின் பயனை இழக்க இருந்தார். போடிமெட்டை அடுத்த மலைச்சரிவில் அவருக்குச் சிறியதோர் ஏலத்தோட்டம் உண்டு. பச்சைக்காய் ஏறத்தாழ ஐந்து கிலோவை உலர்த்தினால் ஒரு கிலோ காய் கிடைக்கும். உலர்த்தும் அறையின் ஈரக்காற்றை வெளியேற்ற விசிறி வேண்டும்; மழைக்காலத்திலோ மின்சாரம் அடிக்கடி நின்றுவிடும். அந்த வேளையில் ஒருவர் வந்து, மேசைமேல் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு, "இது தன் பாட்டரியைத் தானே நிரப்பிக்கொள்ளும், பெரியதாகச் செய்து தருகிறேன்" என்று முன்பணம் கேட்டார். ஒரு சுற்றுக் காய் எடுத்த பணம் அது.

"மாமா, அதுபோல் ஒன்றை நாமே செய்து அளந்து பார்ப்போம்" என்றேன். மிதிவண்டி அச்சில் மரவட்டம் ஒன்றைப் பொருத்தி, அதன் விளிம்பில் நான்கு காந்தங்களைப் பதித்தேன். எதிரே இரட்டைக் கம்பிச்சுருளை வைத்தேன். அவற்றுள் ஒன்று உணர்சுருள். காந்தம் கடக்கும்போது அதில் சிறு மின்னழுத்தம் தோன்றும். அது டிரான்சிஸ்டரைத் திறக்கும். உடனே பாட்டரியின் மின்சாரம் மற்றொன்றாகிய உந்துசுருளில் பாய்ந்து காந்தத்தைத் தள்ளும்.

இணைத்தேன். சக்கரம் ஒருமுறை நடுங்கி நின்றுவிட்டது. "அவர் செய்தது ஓடுகிறது, மாப்பிள்ளை, நீர் செய்தது ஓடவில்லையே!" என்றார் மாமா. என் பொறி ஓடினாலன்றி என் சொல் எடுபடாது என்பது விளங்கியது.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுவது, மாற்றியதை எழுதி வைப்பது என்பது நான் வகுத்துக்கொண்ட விதி.

முதலில் பாட்டரி. சும்மா இருக்கையில் 12.5 வோல்ட் காட்டியது, ஒரு விளக்கை இணைத்ததும் 9 வோல்ட்டாகச் சரிந்தது. சுமை ஏற்றாமல் பாட்டரியின் வலிமையை அறிய முடியாது. வேறு பாட்டரி வைத்தேன். இரண்டாவது, கம்பி. செப்புக் கம்பியின்மேல் உள்ள மெருகுப் பூச்சு மின்சாரத்தைத் தடுக்கும். நுனிகளை நான் சரியாகச் சுரண்டவில்லை. சுரண்டியபின் தொடர்பு கிடைத்தது. சக்கரம் மட்டும் சுழலவில்லை.

மூன்றாவதாக, சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டேன். வியப்பு என்னவெனில், பாட்டரி இல்லாதபோது ஓடியதைவிட, பாட்டரி இணைத்தபோது விரைவில் நின்றது. துடிப்பு தவறான கணத்தில் பிறந்து, விலகும் காந்தத்தைத் தள்ளாமல், வரும் காந்தத்தையே தடுத்தது. உணர்சுருளின் இரு முனைகளையும் இடம் மாற்றினேன். சக்கரம் ஓடத் தொடங்கிற்று, ஆயினும் நொண்டியது. திசைகாட்டியைக் காட்டிப் பார்த்தபோது, நான்கு காந்தங்களில் ஒன்று முகம் மாறி இருந்தது தெரிந்தது. அதைத் திருப்பி வைத்ததும் சீராகச் சுழன்றது.

அடுத்து மாமா மீட்டரைப் பிடித்தார். துடிப்பு அறும் கணத்தில் சுருளின் காந்தப்புலம் சரிந்து மின்னழுத்தம் எழும்புமல்லவா? அதை ஒரு டயோடு வழியாகச் சிறு மின்தேக்கியில் சேர்த்திருந்தேன். மீட்டர் 60 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. "பன்னிரண்டு போட்டால் அறுபது வருகிறதே!" என்றார்.

"மாமா, குரங்கணி உச்சியிலிருந்து ஒரு கைந்நீரை ஊற்றினால் உயரம் பெரிதுதான், அதனால் ஆலை ஓடுமா? வோல்ட் என்பது உயரம். எவ்வளவு நீர், எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்" என்றேன்.

மோட்டாரை நிறுத்தியதும் பாட்டரியின் அழுத்தம் சிறிது ஏறியது. அதையும் சுட்டிக்காட்டினார். மேடேறியவன் உட்கார்ந்தால் மூச்சுத் திரும்பும். உண்ட சோறு திரும்பாது. தகடுகளுக்குள் அமிலம் மீண்டும் பரவுவதால் வரும் ஏற்றமே அது.

இறுதியில் அச்சில் நூல் சுற்றி, 200 கிராம் எடையைக் கட்டினோம். நான்கு நொடியில் ஒரு மீட்டர் உயர்ந்தது. அதற்கான திறன் ஏறத்தாழ 0.5 வாட். அப்போது பாட்டரி கொடுத்தது 12 வோல்ட், 0.3 ஆம்பியர், அதாவது 3.6 வாட். ஏழு பங்கு கொடுத்து ஒரு பங்கு பெற்றோம். மிகுதி சுருளிலும் டிரான்சிஸ்டரிலும் அச்சிலும் வெப்பமாகக் கழிந்தது. மாமா அந்தக் கணக்கைத் தம் கையாலேயே இருமுறை போட்டுப் பார்த்தார். முன்பணம் கொடுக்கவில்லை.

1937இல் கோயமுத்தூரில் ஜி. டி. நாயுடு போன்றோர் உருவாக்கிய மோட்டாரும் பெற்ற ஆற்றலுக்கு மேல் உழைத்ததில்லை, உழைக்கவும் இயலாது. ஆற்றல் அழிவதும் இல்லை, புதிதாய்ப் பிறப்பதும் இல்லை என்னும் விதியை 1847இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தெளிவுபடுத்தினார்.

நண்பர்களே, நீங்களும் இம்மோட்டாரைச் செய்யுங்கள். அது ஓடாவிட்டால் வருந்த வேண்டாம். ஓடாத பொறி, ஏன் ஓடவில்லை என்று கேட்கக் கற்பிக்கும். ஓடினாலோ, அப்போதுதான் இன்னும் கவனமாக அளந்து பாருங்கள். என் கம்பியில் இருந்த பிழையை ஒரு மாலைப்பொழுதில் கண்டுவிட்டேன். எங்கள் ஆசையில் இருந்த பிழையைக் காண, நூலில் தொங்கிய அந்த 200 கிராம் எடை வேண்டியிருந்தது.