பரண் மேல தோட்டாக் கருவி இருக்கா?

குமணன்சாவடியில இருந்து பேசுறேன். அந்தக் காலத்து வேட்டைக்காரங்க தோட்டாவை எப்படித் திரும்ப நிரப்பினாங்க? இன்னைக்கு அதுதான் விஷயம்.

சுட்டு முடிச்சதும் பித்தளைக் கூடு மிஞ்சும். அதோட அடியில தீபாவளி ரோல் கேப் மாதிரி, அடிச்சா வெடிக்கிற ஒரு சின்னத் தொப்பி. வெடிச்சதைக் குத்தி எடுத்துட்டு, புதுசு பொருத்தி, கருமருந்தைச் சின்னக் கரண்டியால அளந்து போட்டு, அச்சுல வார்த்த ஈயக் குண்டைச் செருகுவாங்க. கடையே இல்லாத காட்டுல அதுதான் கைகொடுத்தது.

1884-ல் பிரான்சின் பால் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடிச்சார். வேகம் அதிகம். கருமருந்துக்குச் செஞ்ச அதே கரண்டியால இதை அளந்து போட்டா, அழுத்தம் தாங்காம துப்பாக்கியே வெடிச்சுடலாம்.

பழைய பொருள்தானேன்னு நினைக்காதீங்க. 1959 ஆயுதச் சட்டத்துல ‘தோட்டா’ங்கிற வரையறைக்குள்ள தோட்டாவோட பாகங்களும், அதைத் தயாரிக்கிற இயந்திரங்களும்கூட வருது. உரிமம் இல்லாம தயாரிக்கிறது குற்றம்.

அதனால, தாத்தா பெட்டியில இந்த மாதிரி கூடோ அச்சோ கிடைச்சா, செஞ்சு பார்க்க வேண்டாம், ஆன்லைன்ல விற்கவும் வேண்டாம். பக்கத்துக் காவல் நிலையத்துல கேளுங்க.