தோற்றதில் வென்ற கணக்கு

பந்தயக்குதிரை உரிமையாளர் பென்னி செனரியைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு நாணயம் முன்னால் வந்து நிற்கிறது. 1969இல் அவரும், போல்ட் ரூலர் என்ற பெயர்பெற்ற பொலிகுதிரையை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆக்டன் ஃபிப்ஸும், அதற்குப் பென்னியின் பெட்டைகள் ஈனும் குட்டிகளைப் பங்கிட்டுக்கொள்ளப் பூவா தலையா போட்டார்கள். பென்னி தோற்றார். தோற்றவர் பங்குக்கு வந்தது சம்திங்ராயல் என்ற பெட்டைக்குதிரையின் வயிற்றிலிருந்த குட்டி. 1970 மார்ச் 30 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில், பென்னி குடும்பத்தின் மெடோ பண்ணையில் பிறந்த அதுதான், பின்னாளில் பந்தயங்களில் புகழ்பெற்ற செக்ரடேரியட். கேட்க இனிக்கிற கதைதான், ஆனால் அந்தப் பெண்மணியின் உழைப்பை அது விழுங்கிவிடுகிறது. ஒப்பந்தத்தைப் பார்த்தாலே அந்த அதிர்ஷ்டத்தின் எடை குறைந்துவிடும். நாணயத்தில் வென்றவருக்கு முதலாண்டுக் குட்டிகளில் விரும்பியது; தோற்றவருக்கு மிஞ்சியதும், அடுத்த ஆண்டின் முதல் தேர்வும். அடுத்த ஆண்டுக்கென்று அனுப்பிய இரண்டு பெட்டைகளில் ஒன்று சினைபிடிக்கவில்லை. ஆக, வென்றவருக்கு ஒரு குட்டி, தோற்றவருக்கு இரண்டு. தோற்பதையே இருவரும் விரும்பினார்கள்!

குட்டியை நாணயம் தந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதை வாங்கிக்கொள்ள ஒரு லாயம் மிஞ்சியிருந்ததே, அது யாரால்? 1967இல் பென்னியின் தாயார் இறந்தார். பண்ணையை உருவாக்கிய தந்தை கிறிஸ்டோபர் செனரியோ நினைவு தடுமாறி மருத்துவமனையில் கிடந்தார். லாயம் நஷ்டத்தில் ஓடியது. விற்றுவிடலாம் என்றார்கள் உடன்பிறந்தவர்கள். அண்ணன் ஹாலிஸ் பொருளியல் அறிஞர், பின்னாளில் உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளர் ஆனவர்; அவர் போட்ட கணக்கில் பிழை சொல்ல முடியாது. டென்வரில் நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்த பென்னியும் கணக்கு அறியாதவரல்லர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வணிகவியல் படித்தவர். திருமணத்துக்காக அதைப் பாதியில் விட்டவர். விற்பனையைத் தள்ளிப்போட்டார், பயிற்சியாளரை மாற்றினார். புதிதாக வந்தவரும் ஃபிப்ஸ் லாயத்துக்குப் போய்விட, அந்தப் பயிற்சியாளரின் தந்தை லூசியன் லாரினை அமர்த்தினார். 1972இல் ரிவா ரிட்ஜ் என்ற பண்ணைக் குதிரை கென்டக்கி டெர்பி, பெல்மான்ட் ஆகிய பெரும் பந்தயங்களை வென்று பண்ணையைத் தூக்கி நிறுத்தியது. செக்ரடேரியட் டெர்பி ஓடுவதற்கு ஓராண்டு முன்பே நடந்தது இது. ‘ஒரே ஒரு குதிரையின் அதிர்ஷ்டம்’ என்போர் ரிவா ரிட்ஜை மறந்துவிடுகிறார்கள்.

செல்வர் வீட்டுப் பெண்ணுக்கு இதெல்லாம் பெரிய காரியமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பரம்பரைச் சொத்து இல்லாமல் அந்த வாசலை அவர் மிதித்திருக்கவே முடியாது. ஆனால் அதே சொத்தை விற்றுப் பணமாக்கிக்கொண்டு வீட்டில் இருக்கும் வழியும் திறந்தே கிடந்தது; உடன்பிறந்தவர்கள் காட்டியதும் அதைத்தான். வென்றது பயிற்சியாளரும் ஜாக்கி ரான் டர்காட்டும் அல்லவா என்பது இன்னொரு கேள்வி. அவர்களோடு, இராப்பகலாகக் குதிரையைப் பேணிய எடி ஸ்வெட் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ஆனால் அவர்கள் வேலை செய்த லாயம் விலைபோகாமல் நின்றது பென்னியின் பிடிவாதத்தால்.

மனசாட்சியைத் தொடும் கேள்வி மூன்றாவது: 1973இல் செக்ரடேரியட்டை ஏன் பங்கு போட்டு விற்றார்? அந்த ஜனவரியில் தந்தை இறந்தார். வாரிசு வரி கழுத்தை நெரித்தது. கிளெய்போர்ன் பண்ணையின் இளம் வாரிசு செத் ஹான்காக் மூலம், பங்குக்கு 1,90,000 டாலர் என்று 32 பங்குகள், மொத்தம் 60.8 லட்சம் டாலருக்கு இனப்பெருக்க உரிமை விலை பேசப்பட்டது. மூன்று வயதுக்குப் பின் பந்தயம் கூடாது என்பது நிபந்தனை. நான்கு வயதில் அந்தக் குதிரை என்ன செய்திருக்கும் என்பதை உலகம் பார்க்காமலே போயிற்று. அது உண்மையான இழப்பு, மறுக்கமாட்டேன். ஆனால் பேரம் முடிந்தபோது, மூன்று வயதுக்குரிய பந்தயம் ஒன்றுகூட அது ஓடியிருக்கவில்லை. ஏப்ரலில் வுட் மெமோரியல் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தபோது, பங்கு வாங்கியவர்களின் கலக்கத்தையெல்லாம் தாங்கி நின்றவர் பென்னி. இரண்டே வாரத்தில் டெர்பி. பிறகு பிரீக்னஸ். ஜூன் 9 அன்று பெல்மான்ட்டில் 31 குதிரை நீள இடைவெளியில், 2 நிமிடம் 24 விநாடியில் வெற்றி. இந்த மூன்றையும் வெல்லும் குதிரைக்கு உரிய, 25 ஆண்டுகளாக எந்தக் குதிரைக்கும் கிட்டாத மும்மகுடம் அன்று கிட்டியது. பேரம் நடக்காதிருந்தால், வரி கட்டக் குதிரையையே முழுதாக இழக்க நேர்ந்திருக்கலாம்.

பண்ணை 1970களின் இறுதியில் கைமாறத்தான் செய்தது. ஆனால் பென்னி அந்தத் தொழிலைவிட்டுப் போகவில்லை. 1976இல் தரோபிரெட் உரிமையாளர்கள், வளர்ப்போர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். ஆண்களே அமர்ந்திருந்த ஜாக்கி கிளப் 1983இல் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட மூன்று பெண்களில் அவரும் ஒருவர். 1973 பிரீக்னஸில் நேரம் காட்டும் கருவி பழுதானதால், செக்ரடேரியட்டின் சாதனை நேரம் பதிவேறாமலே கிடந்தது. செக்ரடேரியட் 1989இலேயே இறந்துவிட்டது; பரிசுப் பணமோ பங்கு விலையோ எதுவும் மாறப்போவதில்லை. ஆனாலும் 2012இல், தம் 90ஆவது வயதில், பழைய ஒளிப்பதிவுகளை ஆராயும்படி மேரிலாந்து பந்தய ஆணையத்திடம் அவர் முறையிட்டார். ஆணையம் ஒருமனதாகப் பதிவைத் திருத்தியது: 1 நிமிடம் 53 விநாடி.