பைக் வாங்கலாமா? எக்செல்லில் கணக்குப் போட்டுப் பாருங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எக்செல் தொகுப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஆபீஸ் கணக்குக்கு, நமக்கு எதற்கு?" என்று மூடிவிடுபவர்கள் பலர். சாப்ட்வேர் இன்ஜினியரான நானும் சொந்தக் கணக்குக்கு அதைத் தொட்டதில்லை. ஆனால் வேலையில் சேர்ந்து நான் சேர்த்த பணம் முழுவதையும் ஒரே வண்டியில் போடத் துணிந்தபோது, எக்செல்தான் கைகொடுத்தது.

நான் ஆசைப்பட்டது கவாஸாகி நிஞ்சா 1100எஸ்எக்ஸ். 1,099 சிசி, நான்கு சிலிண்டர், 19 லிட்டர் டேங்க், 238 கிலோ எடை. வேகமும் வேண்டும், நெடுந்தூரம் களைப்பின்றிப் போகவும் வேண்டும் என்பவர்களுக்கான 'ஸ்போர்ட் டூரிங்' ரகம். இப்போது என்னிடம் இருப்பது 150 சிசி வண்டி.

அப்பாவிடம் சொன்னேன். அவர் விலையைக் கேட்கவில்லை. "வருஷத்துக்கு வெளியூர் எவ்வளவு தூரம் ஓட்டறே?" என்று மட்டும் கேட்டார். பதில் தெரியாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். நீங்களும் என்னுடன் செய்து பாருங்கள்.

பட்டியல் தயாரிப்போம்

புதிய ஒர்க் ஷீட்டைத் திறந்து, ஏ வரிசையில் விவரத்தையும் பி வரிசையில் தொகையையும் டைப் செய்திடவும். சூத்திரங்களில் வரும் எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும். தொகைகளை கமா இல்லாமல் தரவும்.

பி1: ஷோரூம் விலை. கணக்கு எளிதாக இருக்க 14,00,000 என்று வைத்துக் கொள்வோம்.
பி2: சாலை வரி, =பி1*12%. தமிழகத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்கின் ஆயுள் வரி இது. விடை 1,68,000.
பி3: காப்பீடு, பதிவுச் செலவு. உத்தேசமாக 72,000.
பி4: ஆன் ரோடு விலை, =பி1+பி2+பி3. விடை 16,40,000.

இங்கேயே ஒரு சின்னச் சோதனை. காலியான செல் ஒன்றில் =பி1/1.4 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். 10,00,000 என்று வரும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். ஆக, பத்து லட்ச ரூபாய் வண்டி வீட்டு வாசலுக்கு வரும்போது 16 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது.

மாதத் தவணை எவ்வளவு?

பி5: கைப்பணம் 4,40,000. என் சேமிப்பு மொத்தமும் இதுதான்.
பி6: கடன், =பி4-பி5. விடை 12,00,000.
பி7: ஆண்டு வட்டி. 11% என்று கொள்வோம்.
பி8: மாதங்கள் 60.
பி9: =பிஎம்டி(பி7/12,பி8,-பி6)

'பிஎம்டி' என்பது தவணையைக் கணக்கிடும் பங்ஷன். ஆண்டு வட்டியை 12 ஆல் வகுக்க மறக்கக் கூடாது. கடனுக்கு முன் மைனஸ் குறி இட்டால்தான் விடை மைனஸ் இல்லாமல் கிடைக்கும். என்டர் தட்டியதும் 26,091 என்று வந்தது. ஐந்து ஆண்டுகளில் வட்டி மட்டும் சுமார் 3 லட்சத்து 65 ஆயிரம்!

அப்பா கேட்ட செல்

பி10: ஐந்தாம் ஆண்டில் வண்டியின் மதிப்பு, =பி1*50%. வாகனக் காப்பீட்டில் ஐந்தாம் ஆண்டுக்கு 50 சதவீதத் தேய்மானம் கழிப்பது வழக்கம். சந்தை விலை கூடலாம், குறையலாம்.
பி11: நிகரச் செலவு, =பி5+பி9*பி8-பி10. விடை சுமார் 13,05,000.
பி12: ஆண்டுக்கு ஓட்டும் கிலோமீட்டர்.
பி13: ஒரு கிலோமீட்டருக்குச் செலவு, =பி11/(பி12*5)

பி12-ல் முதலில் 15,000 என்று ஆசையாக டைப் செய்தேன். கிலோமீட்டருக்கு 17 ரூபாய் என்று வந்தது. பரவாயில்லையே என்று தோன்றியது.

பிறகுதான் பெட்ரோல் நோட்டை எடுத்தேன். பெட்ரோல் போடும்போதெல்லாம் மீட்டரையும், போன ஊரையும் எழுதி வைப்பது அப்பா பழக்கிய வழக்கம். நான்கு ஆண்டுகளில் வெளியூர் ஓட்டம் மொத்தம் 9,600 கிலோமீட்டர், ஆண்டுக்கு 2,400. மற்றதெல்லாம் ஆபீஸ் போய் வந்தது. அதற்கு 150 சிசியே தாராளம்.

2,400 என மாற்றி என்டர் தட்டினேன். 109 ரூபாய்! பெட்ரோல், சர்வீஸ், டயர், அடுத்தடுத்த ஆண்டுகளின் காப்பீடு எதுவும் இதில் சேரவில்லை.

கோல் சீக் தரும் பதில்

கிலோமீட்டருக்கு 30 ரூபாய் வரை செலவழிக்கலாம் என்று நினைத்தால், ஆண்டுக்கு எவ்வளவு ஓட்ட வேண்டும்? டேட்டா டேபில் 'வாட் இஃப் அனாலிசிஸ்' கிளிக் செய்து 'கோல் சீக்' தேர்ந்தெடுக்கவும். முதல் கட்டத்தில் பி13, இரண்டாவதில் 30, மூன்றாவதில் பி12 எனக் கொடுத்து ஓகே தரவும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பில் இந்த வசதி டூல்ஸ் மெனுவில் உள்ளது.

விடை சுமார் 8,700 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி சுமார் 700 கிலோமீட்டர். ஆண்டுக்கு ஆறு முறை போய்த் திரும்பினாலும் 8,400தான் வரும். எனக்குக் கிடைக்கும் லீவில் அது நடக்காது.

இதனால் இந்த வண்டி வீண் என்று அர்த்தமில்லை. உண்மையிலேயே ஆண்டுக்கு 15,000 ஓட்டுபவருக்கு இதே ஷீட் 'வாங்கு' என்று சொல்லும். மற்ற செல்களை ஷோரூமிலும் வங்கியிலும் விசாரித்து நிரப்பிவிடலாம். பி12-ஐ மட்டும் நாம்தான் நிரப்ப வேண்டும். அதில் ஆசையை டைப் செய்தால் எக்செல்லும் ஆசையையே திருப்பித் தரும்.

நான் இப்போதைக்கு வாங்கவில்லை. ஆசையும் போகவில்லை. மாதம் 26,091 ரூபாயைத் தனிக் கணக்கில் போட ஆரம்பித்திருக்கிறேன். ஆறு மாதம் சிரமமின்றிப் போட முடிந்தால் தவணையும் கட்ட முடியும். முடியாவிட்டால் போட்ட பணமாவது கையில் மிஞ்சும். இருக்கும் வண்டியிலேயே வெளியூர்ப் பயணங்களையும் கூட்டப் போகிறேன். ஓராண்டு கழித்துப் பெட்ரோல் நோட்டைப் பார்த்து பி12-ஐ மாற்றுவேன்.

பைலை அழிக்காமல் சேவ் செய்து வைத்திருக்கிறேன். நீங்களும் கார், பிரிட்ஜ், வீட்டுக்கடன் எதுவானாலும் கையெழுத்துப் போடும் முன் ஒரு ஷீட் போட்டுப் பாருங்கள்.