ஒரு ரூபாய் ஊறுகாயும் இருபது பேர் விருந்தும்

கோலார் தங்க வயலில் உற்றார் உறவினரைத் திரட்டிக்கொண்டு உணவகத்தில் விருந்து வைக்கும் வழக்கம், சுரங்கம் ஓடிய காலத்தைவிட அது மூடப்பட்டதற்குப் பிந்தைய காலத்துக்கே பெரிதும் உரியது எனலாம். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கம் நடத்த இங்கே காலூன்றிய பின், வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து பெருந்திரளாக வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளருக்கு, வரிசையாகக் கட்டப்பட்ட சிறு குடியிருப்புகளான லைன் வீடுகளின் வாசலே விருந்து மண்டபமாக இருந்தது. மேசையில் வெண்துணி விரித்த விருந்தெல்லாம் வெள்ளை அதிகாரிகளின் கிளப்போடு நின்றுவிட்டது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டு, பிள்ளைகள் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, எல்லோரும் ஒருசேரக் கூடுவது ஞாயிறுகளிலும் பண்டிகை நாள்களிலும்தான் என்றாகிவிட, அவ்வளவு பேருக்கும் வீட்டிலேயே சமைப்பதற்குப் பதிலாக ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பிரியாணிக் கடைக்குப் போய்விடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பே.

அத்தகைய விருந்துகள் பல வேளைகளில் மனக்குறையோடு முடிவதற்குச் சமையல்காரரின் கைப்பக்குவத்தைவிடச் சமையற்கட்டின் அமைப்பே காரணமாகிறது. ஆம்பூர் வழிப் பிரியாணியில், கறியும் மசாலாவும் தேக்சாவின், அதாவது அகன்ற பெரிய பாத்திரத்தின், அடியில் வெந்துகொண்டிருக்க, அரைவேக்காட்டில் வடித்த சீரகச் சம்பா அரிசியை அதன்மேல் பரப்பி, மூடியின்மேல் தணல் இட்டு, ஆவி வெளியேறாமல் புழுங்க வைப்பார்கள். இதற்கே தம் போடுதல் என்று பெயர். இவ்வாறு இறக்கிய பிரியாணியை வருகிறவர் எண்ணிக்கைக்கு ஏற்ப அப்போதைக்கப்போது கூட்டவோ குறைக்கவோ முடியாது. இரவு ஒன்பது மணிக்கு இருபது பேர் ஒன்றாக வந்து அமரும்போது, பரிமாறுபவர் அவசரத்தில் ஓரத்திலிருந்து அடிவரை கரண்டியை இறக்காமல் மேலாக அள்ளிவிட, முதல் வரிசைத் தட்டுகளில் குஸ்காவே, அதாவது கறியில்லாத மசாலாச் சோறே விழும். கறித்துண்டுகளோ கடைசித் தட்டுகளில் குவியும். அதற்குள் கத்தரிக்காய்த் தொக்கு தீர்ந்து, வெங்காயப் பச்சடியில் தண்ணீர் கூடியிருக்கும். தோசையும் பரோட்டாவும் கேட்டவர்கள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கல் ஒன்றில் ஓர் ஈட்டுக்குச் சில மட்டுமே வேகுமாதலால், முதல் ஈடு ஆறிப்போகும்வரை கடைசி ஈடு வந்து சேராது. பந்தியில் எல்லோர் இலையிலும் விழுந்த பிறகே கைவைப்பது என்ற பழைய மரியாதையைக் கடைப்பிடிப்பவர்தாம் இதில் அதிகம் தண்டிக்கப்படுகிறார்கள்.

இந்த இழப்பைப் பணத்தால் அளக்க இயலுமா என்னும் கேள்விக்கு, விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் தீர்ப்பு ஒன்று வியப்பூட்டும் விடையளிக்கிறது. 2022 நவம்பரில் ஒருவர், உறவினரின் நினைவு நாளையொட்டி அன்னமிடுவதற்காக, சாப்பாடு ஒன்றுக்கு 80 ரூபாய் வீதம் 25 பொட்டலங்களுக்கு 2,000 ரூபாய் செலுத்தி அவ்வூர் உணவகத்திலிருந்து வாங்கிச் சென்றார். கடைக்காரர் சொன்ன 11 பொருள்களில் ஊறுகாய் மட்டும் இல்லை என்பது, விநியோகிக்கும் நேரத்தில்தான் தெரியவந்தது. பொட்டலத்துக்கு ஒரு ரூபாய் என்று கணக்கிட்டு அவர் கேட்ட 25 ரூபாயைக் கடை தர மறுத்தமையால் வழக்கு ஆணையத்துக்குச் சென்றது. ஏற்றுக்கொண்ட சேவையைச் சொன்னபடி வழங்காமையாகிய சேவைக் குறைபாடு நிகழ்ந்தது என்று கண்ட ஆணையம், மன உளைச்சலுக்கு 30,000 ரூபாயும் வழக்குச் செலவுக்கு 5,000 ரூபாயும் ஊறுகாய்க்கான 25 ரூபாயும் வழங்குமாறு 2024 ஜூலையில் உத்தரவிட்டது; 45 நாள்களுக்குள் கொடுக்கத் தவறினால் ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியும் சேரும்.

செய்தியைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆயினும், இலை போட்ட பிறகு ஒரு பண்டம் குறைந்தால் கூசுவது உண்பவர் அல்லர், அழைத்தவரே என்பதை அறிந்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும், 25 ரூபாய்க்கும் 30,000 ரூபாய்க்கும் இடையிலான தொலைவு அவ்வளவு விந்தையாகத் தோன்றாது. கடை அன்றே கல்லாவைத் திறந்து அந்த 25 ரூபாயைக் கொடுத்திருந்தால் வழக்கே எழுந்திராது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பெங்களூரில் வேலைபார்க்கும் தங்கவயல்காரர்கள் அங்குள்ள பெரிய உணவகங்களில் கூடும்போது வேறொரு கசப்பையும் சந்திப்பதுண்டு. அரசுக்குச் செல்லும் ஜிஎஸ்டி வரிக்கு மேலாக, கடையே தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் சேவைக் கட்டணத்தை, வாடிக்கையாளரைக் கேளாமலே பில்லில் ஏற்றக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறி வகுத்தது. அதை எதிர்த்த உணவகச் சங்கங்களின் மனுக்களை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தள்ளுபடி செய்தது.

தங்கவயலிலும் இத்தகைய குறையை முறையிடுவதற்குப் பெரும் செலவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் சொல்லிப் பார்க்கலாம். அது பலிக்காதபோது, மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. தேவைப்படுவது எழுத்தில் ஒரு சான்றே. விழுப்புரத்துக் கடை துண்டுச் சீட்டில்தான் கணக்கெழுதிக் கொடுத்தது. ஆகவே அசல் ரசீதையும் சேர்த்துக் கொடுக்குமாறு ஆணையம் சொல்லவேண்டியிருந்தது. இருபது பேருக்கு முன்பணம் கொடுப்பவர், தலைக்கு எத்தனை துண்டு கறி, என்னென்ன தொடுகறி, எத்தனை மணிக்கு இலை என்பதையெல்லாம் கடையின் பெயர் அச்சிட்ட பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நலம்.