அலை வண்டி மாறும் இடம்

கோடை மழைக்கு முன் குற்றால மலைப்பக்கம் ஒரு மின்னல் வெட்டினால் கீழப்பாவூரில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ரேடியோ ஒருகணம் கரகரக்கும். மின்னல் ஒளியோடு ரேடியோ அலையையும் எல்லாத் திசையிலும் வீசுகிறது. அதில் ஒரு பங்கு மேலேறி, சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் அயனமண்டலத்தை முட்டுகிறது. அங்கே சூரிய ஒளி அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்துப் போட்டிருக்கிறது. அப்படி மின்னூட்டம் பெற்ற வாயுதான் பிளாஸ்மா.

தாழ்ந்த அதிர்வெண் அலைகளைப் பிளாஸ்மா உள்ளே விடாது. ஆனால் காந்தப்புலம் இருந்தால் கதை வேறு. எலெக்ட்ரான்கள் காந்தக் கோட்டைச் சுற்றி வட்டமடிக்கும். அவை சுற்றும் அதே திசையில் சுழன்று வரும் அலைக்கு மட்டும் வழி திறக்கும். முதல் உலகப் போரில் எதிரியின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்டபோது, உச்சத்தில் தொடங்கிக் கீழே சரியும் சீழ்க்கைகள் ஜெர்மானிய இயற்பியலாளர் பார்க்ஹவுசனின் காதில் விழுந்தன. 1919இல் அவற்றைப் பற்றி எழுதினார். விடை கிடைத்தது 1953இல், கேம்பிரிட்ஜில். மின்னலில் பிறந்த அலை காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த அரைக்கோளம் வரை பல ஆயிரம் கிலோமீட்டர் போகிறது என்று ஸ்டோரி என்ற ஆய்வாளர் காட்டினார். உயர்ந்த அதிர்வெண் முந்தி வந்துவிட, தாழ்ந்தது பிந்தி வருகிறது. அதனால்தான் அந்தச் சரிவு.

வாரணாசியில் பதிவான இந்தச் சீழ்க்கை நம் பக்கம் கேட்காது. பூமியின் காந்த நடுக்கோடு தென்தமிழகத்தை ஒட்டிச் செல்வதால், இங்கே காந்தக் கோடுகள் ஏறத்தாழ தரையோடு படுத்தே கிடக்கின்றன; அலை ஏறிப் போக ஏணி இல்லை. இந்த அபூர்வமான இருப்பிடத்துக்காகத்தான் 1963இல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் ஏவினார்கள். நெல்லைக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் நடத்துகிறது.

வானத்துச் சீழ்க்கை அலையை ஒரு குழாய்க்குள் அடைத்தால் கிடைப்பது ஹெலிகான் அலை. ஒரு சாண் அகலம்கூட இல்லாத கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஆர்கான் வாயு. சுற்றிலும் காந்தப்புலம் தரும் கம்பிச்சுருள்கள். குழாயை அணைத்தபடி ஓர் ஆன்டெனா. ஆன்டெனா நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை அதிர்கிறது. இந்த அலையின் நீளம் வெளிக்காற்றில் 22 மீட்டர். பிளாஸ்மாவுக்குள் அது சில பத்து சென்டிமீட்டராகச் சுருங்கி, திருகாணி மரைபோல் முறுக்கிக்கொண்டு ஓடுகிறது.

மின்திறனைக் கூட்டக் கூட, இளஞ்சிவப்பாக மங்கி எரியும் வாயு ஒரு கட்டத்தில் சட்டென்று குழாயின் நடுவே பளீரென்ற நீலத் தூணாகிறது. நீலம் என்பது எலெக்ட்ரானை இழந்த ஆர்கான் அயனிகளின் ஒளி. அங்கே ஒரு கன சென்டிமீட்டரில் 10 லட்சம் கோடி எலெக்ட்ரான்கள் வரை நெருங்கி நிற்கும். அயனமண்டலத்தின் மிக அடர்ந்த பகுதியைப்போல ஒரு கோடி மடங்கு. ஆஸ்திரேலியாவின் ராட் பாஸ்வெல் 1970இல் இப்படி ஒரு பிளாஸ்மாவை உருவாக்கிக் காட்டியபோது ஒரு புதிரும் கூடவே பிறந்தது. ஹெலிகான் அலை பிளாஸ்மாவில் ஆற்றலை அவ்வளவாகச் சிந்துவதில்லை. பிறகு இவ்வளவு ஆற்றல் உள்ளே இறங்கியது எப்படி?

கலிபோர்னியாவின் பிரான்சிஸ் சென் ஒரு விளக்கம் சொன்னார்: அலையின் வேகத்துக்கு ஈடாக ஓடும் எலெக்ட்ரான்கள் அதன் ஆற்றலை வாங்கிக்கொள்கின்றன. அப்படியானால் வேக எலெக்ட்ரான்கள் ஏராளமாக இருக்க வேண்டும். 1999இல் அவரும் பிளாக்வெல் என்ற ஆய்வாளரும் அளந்து பார்த்தார்கள். போதுமான அளவு இல்லை. தன் கருத்தைத் தானே சோதித்து, அது போதாது என்று தானே அறிவித்த அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

உண்மையான ஆள் விளிம்பில் ஒளிந்திருந்தார். அதே அதிர்வெண்ணில், அதே பிளாஸ்மாவில் இன்னொரு அலையும் ஓட முடியும்: 1959இல் டிரைவல்பீஸும் கோல்டும் விவரித்த அலை. மிகக் குட்டை அலைநீளம், மந்த நடை, போகிற வழியெல்லாம் எலெக்ட்ரான்களுக்கு ஆற்றலை வாரிக் கொடுக்கும் குணம். நெல்லையிலிருந்து தென்காசி போகும் விரைவுப் பேருந்து கீழப்பாவூர்த் தெருக்களுக்குள் வராது. பாவூர்சத்திரத்தில் இறங்கி மினிபஸ் ஏறினால்தான் வீட்டு வாசல். ஹெலிகான் அந்த விரைவுப் பேருந்து, டிரைவல்பீஸ்–கோல்ட் அலைதான் மினிபஸ். இப்படி ஒருவகை அலை அதிர்வெண் மாறாமலே மற்றொரு வகையாக உருமாறுவதே முறைமாற்றம்.

எங்கே வண்டி மாறுவது என்பதைப் பிளாஸ்மாவின் சீரின்மை முடிவு செய்கிறது. குழாயின் நடுவே அடர்த்தி அதிகம், ஓரத்தில் குறைவு. அடர்த்தியும் காந்தப்புலமும் ஒரு குறிப்பிட்ட விகிதத்துக்கு வரும் இடத்தில் இரண்டு அலைகளின் நீளமும் ஒன்றாகிவிடும். அங்கே ஆற்றல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். புலம் வலுவாக இருந்தால் அந்தத் தாவல் குழாய்ச் சுவரை ஒட்டிய மெல்லிய தோலில் நடக்கும். இதைக் கணக்கிட்டுக் காட்டியவர்கள் உக்ரைனின் ஷம்ராயும் தரானோவும். கண்டுபிடிப்பது எளிதாக இல்லை. அந்தக் குட்டை அலையின் காந்தப்புலம் மிகப் பலவீனமானதால் காந்த உணரிகளுக்குத் தட்டுப்படவில்லை. 2002இல் சென் குழுவினர் மின்னோட்டத்தையே நேரடியாக அளந்து, விளிம்பில் அதன் தடயத்தைப் பிடித்தார்கள்.

காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், காந்தப்புலத்தின் சரிவை வேண்டியபடி மாற்றக்கூடிய ஹெலிகான் கருவியொன்றைக் கட்டி 2012இல் அதை விவரித்தது. புலத்தைக் கூட்டினால் அடர்த்தி கூடும் என்பது பொதுவழக்கு. ஆனால் மிகப் பலவீனமான புலத்திலேயே அடர்த்தி திடீரென்று ஒரு மேடாக எழுந்து அடங்குவதை அந்தக் கருவியில் பார்த்தார்கள். ஹெலிகான் பிளாஸ்மாவைப் பின்னால் பீய்ச்சி விண்கலத்தை உந்தும் பொறிகளை வடிவமைப்பவர்களுக்கு அந்த மேடு முக்கியம்: புலம் பலவீனமானால் சுருள் சிறிதாகும், விண்ணுக்குச் சுமக்க வேண்டிய எடையும் குறையும்.