ஒரே பாராங் போதுமா? தோட்ட வேலைக்கும் வீட்டுக்கும் கத்தி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

லயத்து வீடுகளில் ஒரு காலத்தில் நான்கைந்து வெட்டுக் கருவிகளாவது இருக்கும். பால்வெட்டுக் கத்தி, புல் அறுக்க அரிவாள், விறகு பிளக்கக் கோடரி, வேலியோரம் வெட்ட ஒரு பாராங், அடுப்படியில் அரிவாள்மனை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. தாமான் வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களில் இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பாராங்தான். பொங்கலுக்குக் கரும்பு வெட்டுவதும் அதுதான். வாசலில் கட்ட வாழைமரம் சாய்ப்பதும் அதுதான். கம்பத்தில் இருக்கும் அரை ஏக்கர் நிலத்தை வார இறுதியில் சுத்தம் செய்வதும் அதுதான்.

ஒரே கத்தி இத்தனை வேலையும் செய்யுமா? தேர்ந்தெடுத்து வாங்கினால் பெரும்பாலானவற்றைச் செய்யும். ஆனால் வாங்கப் போகிறவர்கள் கடையில் பளபளப்பையும் நீளத்தையும்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியவை வேறு. அதைவிட முக்கியமாக, வாங்கியதை எங்கே வைக்கிறோம், எப்படிக் கொண்டு போகிறோம் என்பதில் நம்மில் பலர் காட்டும் அலட்சியம் சிறைவரை கொண்டுபோய் விடக்கூடியது. அதைப் பின்னால் பார்ப்போம்.

பாராங் என்பது மலாய்ச் சொல். நாம் 'பாராங் கத்தி' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டோம். தமிழ்நாட்டின் வெட்டரிவாளுக்கும் இதற்கும் அமைப்பிலேயே வேறுபாடு உண்டு. அரிவாளின் நுனி உள்பக்கமாக வளைந்திருக்கும். பொருளைக் கொக்கிபோல் பிடித்து இழுத்து அறுக்கும். பாராங்கின் வெட்டுவாய் வெளிப்பக்கமாக வயிறு தள்ளியிருக்கும். கனம் நுனிப்பக்கம் கூடியிருக்கும். வீசினால் கத்தியின் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். ஈரமும் நாரும் கட்டையும் கலந்த இந்த மண்ணின் செடிகொடிகளுக்கு ஏற்றபடி உருவான வடிவம் இது.

தென் அமெரிக்க வகை மச்செட்டிகளும் இப்போது நம் இரும்புக் கடைகளில் கிடைக்கின்றன. அவை மெல்லிய தகடு, 2 அல்லது 3 மில்லிமீட்டர் கனம்தான். புல்லையும் இளங்கொடியையும் சர்ரென்று வெட்டும். ரம்புத்தான் கிளையில் போட்டால் கத்தி அதிரும், கை வலிக்கும். நல்ல பாராங்கின் முதுகு பிடிக்கு அருகே 5 மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்து, நுனிக்குப் போகப் போக மெலிந்திருக்கும். ஆகவே, ஒன்றே ஒன்றுதான் வாங்குவது என்றால் மெல்லிய மச்செட்டியை விட்டுவிடுங்கள். லாலான் புல் மட்டுமே உங்கள் பிரச்சினை என்றால் அதற்குப் புல்வெட்டும் இயந்திரம் இருக்கிறது. பாராங்கால் லாலான் வெட்டுவது முதுகுக்குத் தண்டனை.

நல்ல பாராங்கின் வெட்டுவாய் முழுக்க ஒரே மாதிரி தீட்டப்பட்டிருக்காது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பிடிக்கு அருகில் உள்ள பகுதி கம்பு சீவ, மூங்கில் செதுக்க. அது கூர்மையாக இருக்கும். நடுவில் வயிறு தள்ளிய பகுதி வெட்டுவதற்கு. அங்கே கூரைவிட உறுதிதான் முக்கியம், விளிம்பு சற்றுத் தடிமனாக இருக்கும். நுனிப்பகுதி மறுபடியும் மெல்லியது. தோலுரிக்க, பழம் கீற. பழைய ஆட்கள் ஒரே பாராங்கை வைத்துக்கொண்டு எல்லாம் செய்ததன் ரகசியம் இதுதான். கடையில் வாங்கும் கத்தி இப்படித் தீட்டி வராது. வாங்கிய பிறகு நாம்தான் தீட்டிக்கொள்ள வேண்டும்.

நீளம் எவ்வளவு?

பொதுவாகப் பாராங் 12 அங்குலத்திலிருந்து 18 அங்குலம்வரை வருகிறது. 16, 18 அங்குலக் கத்தி குனியாமல் புதர் வெட்ட வசதி. ஆனால் அதே கத்தியால் தேங்காய் உடைக்கவோ பலாப்பழம் பிளக்கவோ முயன்றால் நுனி எங்கே போகிறது என்று தெரியாது. பல வேலைக்கு ஒரு கத்தி என்றால் என் கணக்கில் 12 அல்லது 13 அங்குலம்தான் சரி. இதைவிட நீண்டதை வாங்குவோர் பெரும்பாலும் பார்வைக்காகத்தான் வாங்குகிறார்கள் என்று தோன்றுகிறது.

கையில் எடுத்துப் பார்க்கும்போது கத்தியை ஒரு விரலின் மேல் கிடத்திப் பாருங்கள். பிடிக்குச் சற்று முன்னால், இரண்டு மூன்று அங்குலத் தொலைவில் சமநிலை கிடைத்தால் நல்லது. அதற்கும் வெகு முன்னால் கனம் இருந்தால் மரம் வெட்ட நன்றாக இருக்கும். ஆனால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு சோர்ந்துவிடும். சோர்ந்த கைதான் காலை வெட்டுகிறது.

இரும்பைப் பொறுத்தவரை உள்ளூர்க் கொல்லர்கள் லோரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துச் செய்யும் கத்திகளுக்கு இன்னமும் மதிப்பு இருக்கிறது. காரணம் எளிது. லோரியின் கனத்தைத் தாங்கி வளைந்து மீண்டும் நிமிரும் எஃகு அது. அதிர்ச்சியைத் தாங்கும், எளிதில் உடையாது. சபாவில் கோத்தா பெலுட் வட்டாரத்து பஜாவ் மக்கள் கத்தி செய்வதில் பெயர் பெற்றவர்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் வாங்கி வருவதுண்டு. துருப்பிடிக்காத எஃகுக் கத்தி பார்க்க அழகு. வெளிவேலைக்கு அது தேவையில்லை. மழுங்கினால் வயலோரத்தில் உட்கார்ந்து சாணைக்கல்லில் தீட்டிவிட முடியாது. சாதாரணக் கரிம எஃகு துருப்பிடிக்கும். ஆனால் நாலு இழுப்பில் கூர் வந்துவிடும். துரு பிடிக்காமல் தடுக்கத் தேங்காய் எண்ணெய் போதும்.

விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பிடியை இரு விரலால் தொங்கவிட்டு, அலகை நகத்தால் சுண்டுங்கள். மணிபோல் ஒலி வந்தால் பரவாயில்லை. மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசலோ, பிடி தளர்வோ இருக்கலாம்.

பிடிதான் நான் அதிகம் வலியுறுத்தும் இடம். பாராங் விபத்துகளில் மோசமானது கை வழுக்குவதல்ல, அலகு பிடியிலிருந்து கழன்று பறப்பது. பழைய முறைப் பாராங்கில் அலகின் வால்பகுதி ஒடுங்கி, மரப்பிடிக்குள் செருகப்பட்டு, அரக்கு அல்லது பிசினால் ஒட்டப்பட்டிருக்கும். நம் வெயிலுக்கும் மழைக்கும் மரம் சுருங்கி விரியும், பிசின் காயும், ஒரு நாள் ஆடத் தொடங்கும். ஆடும் பிடிக்குள் காகிதம் செருகி வேலையை ஓட்டுவது தோட்டங்களில் சர்வ சாதாரணம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புதிதாக வாங்குகிறவர்கள் அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை நீண்டு, இரண்டு அல்லது மூன்று ஆணியால் தறையப்பட்ட வகையை வாங்குங்கள். பிடியின் கடைசிப் பகுதி சற்றுக் கீழ்நோக்கி வளைந்திருந்தால் வியர்த்த கையிலும் நழுவாது.

ஒரே கத்தி செய்யக்கூடாதவை

பால்மரம் சீவப் பாராங்கைத் தொடக்கூடாது என்று ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டையில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விட்டுவைத்துச் சீவ வேண்டிய வேலை அது. ஆழம் தவறினால் மரமே புண்ணாகிவிடும். செம்பனைக் குலை அறுவடைக்கும் இது ஆகாது. இளமரத்துக்கு உளிவகைக் கருவி, உயர்ந்த மரத்துக்கு நீண்ட கம்பத்தில் பொருத்திய அரிவாள். கீழே விழுந்த குலையின் காம்பை நறுக்கவும், மட்டைகளை ஒதுக்கவும் வேண்டுமானால் பாராங் உதவும்.

சமையலறை விஷயத்தில்தான் 'ஒரே கத்தி' வாதம் என்னைப் பொறுத்தவரை நின்றுவிடுகிறது. தேங்காய் உடைப்பது, பலாப்பழம் வெட்டுவது, ஆட்டெலும்பு நறுக்குவது எல்லாம் பாராங்கால் முடியும். (தேங்காயை வெட்டுவாயால் அல்ல, கத்தியின் முதுகால் தட்டி உடைக்க வேண்டும்.) ஆனால் காலையில் களைச்செடி வெட்டிய அதே கத்தி மாலையில் கோழி வெட்ட வரக்கூடாது. நிலத்தில் களைக்கொல்லி தெளித்திருப்பார்கள். பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டாலும் வேறு களைக்கொல்லிகள் புழக்கத்தில்தான் இருக்கின்றன. ஈர மண்ணில் எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலின் கிருமி இருக்கலாம். கழுவினால் போகாதா என்று கேட்பார்கள். பிடியும் அலகும் சேரும் இடுக்கில் சேர்ந்திருப்பதை எப்படிக் கழுவுவது? சமையலறைக்கு ஒரு சிறிய கொத்துக்கத்தி தனியாக வாங்கிவிடுங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

காரில் வைத்தால் என்ன ஆகும்?

இனி சட்டம். 1958ஆம் ஆண்டு அரிப்புப் பொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதச் சட்டத்தின் 6ஆவது பிரிவு, பொது இடத்தில் சட்டபூர்வமான அனுமதியோ நோக்கமோ இல்லாமல் அபாயகர ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, அத்துடன் பிரம்படியும் உண்டு. குறைந்தபட்சம் 5 ஆண்டு என்பதைக் கவனியுங்கள். 'முதல் தடவைதானே, அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம்' என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

பாராங் வைத்திருப்பதே குற்றம் என்பதல்ல இதன் பொருள். நிலத்துக்குப் போய் வேலை செய்துவிட்டுத் திரும்புகிறவருக்கு நியாயமான நோக்கம் இருக்கிறது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், வேலை முடிந்த பிறகும் கத்தி மோட்டார் சைக்கிளிலேயே கிடக்கும்போது. சனிக்கிழமை கம்பத்து நிலத்தில் வெட்டிய பாராங் செவ்வாய்க்கிழமை இரவு பதினொரு மணிக்குச் சாலைத் தடுப்புச் சோதனையில் இருக்கைக்கு அடியிலிருந்து எடுக்கப்பட்டால், 'தோட்ட வேலைக்கு' என்ற பதில் எடுபடுமா?

இன்னும் மோசமானது 'பாதுகாப்புக்கு' என்று காரில் வைத்துக்கொள்வது. நம் இளைஞர்களில் சிலர் இதை வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அந்த ஒரு சொல்லே கருவியை ஆயுதமாக்கிவிடுகிறது. தற்காப்பு உரிமை தண்டனைச் சட்டத் தொகுப்பின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது, உண்மைதான். தாக்குதலைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்ற எல்லையும் அங்கேயே இருக்கிறது. ஆனால் அந்த உரிமையைக் காட்டி, என்றோ வரப்போகும் சண்டைக்காகப் பாராங்கைத் தினமும் காரில் சுமக்க முடியாது.

எனவே கொண்டுபோகும்போது உறையில் போட்டு, சணல் பையில் சுற்றி, கார் என்றால் பின்பெட்டியில் வையுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் வேண்டாம். மோட்டார் சைக்கிள் என்றால் மண்வெட்டி, உரமூட்டை போன்ற மற்ற பொருள்களோடு சேர்த்துக் கட்டுங்கள். நேராக நிலத்துக்கு, நேராக வீட்டுக்கு. வழியில் தேநீர்க் கடை, கல்யாண மண்டபம் என்று இறங்க வேண்டாம். திருவிழாவுக்காக முனீஸ்வரர் அரிவாளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் கொண்டுபோகும் ஆலயப் பொறுப்பாளர்களும் துணியில் சுற்றி, நிர்வாகத்தின் கடிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. காவல்துறை நிறுத்தினால், கேட்கும் முன்பே கத்தி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். நீங்களாக எடுத்துக் காட்ட முனைய வேண்டாம்.

கூர் தீட்டுவதும் ஒழிப்பதும்

மின்சாரச் சாணையில் பிடித்துத் தீப்பொறி பறக்கத் தீட்டுவது வேகமான வழி, கத்தியைக் கெடுக்கவும் அதுவே வேகமான வழி. விளிம்பு நீலநிறமானால் சூடு சுமார் 300 பாகை செல்சியஸை எட்டிவிட்டது என்று அர்த்தம். கொல்லர் ஏற்றிய பதம் பல கத்திகளில் அங்கேயே போய்விடும். தட்டை அரத்தால் மெதுவாக இழுத்து, பிறகு ஈரச் சாணைக்கல்லில் முடியுங்கள். நடுப்பகுதியைச் சவரக்கத்திபோல் ஆக்க வேண்டாம், முதல் கணுவிலேயே பல் விழும். உறை இல்லையென்றால் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டி, சுடுநீரில் போட்டு இளக்கி, தட்டையாக அழுத்தினால் போதும். தோல் உறையில் ஈரம் தங்கித் துரு ஏறும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைக்கும் பழைய வழக்கத்தை விட்டு, பூட்டக்கூடிய இடத்தில் வையுங்கள். உபயோகமற்றுப் போன கத்தியைக் குப்பைப் பையில் அப்படியே போடாதீர்கள். குப்பை அள்ளுகிற தொழிலாளியின் கை அதில்தான் படும். தடித்த அட்டையில் சுற்றி, ஒட்டுநாடாவால் இறுக்கி, மேலே 'கத்தி' என்று மலாயிலும் எழுதி ஒட்டுங்கள். பழைய இரும்பு வாங்க வருகிறவரிடம் கொடுத்தால் இன்னும் நல்லது.