ஏழு இருக்கைக்குள் ஒரு படுக்கை

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மினிவேனைப் படுக்கையறையாக்க நினைப்பவர்கள் முதலில் செய்வது, பின்னிருக்கைகளைக் கழற்றி எடுத்துவிடுவது. காலியான தளத்தில் கட்டில், அலமாரி, சிறு அடுப்பு என்று ஒவ்வொன்றாகப் பொருத்துவார்கள். சிங்கப்பூரில் இந்த வழி பெரும்பாலோருக்கு அடைபட்ட வழி. 1990 மே மாதம் தொடங்கிய வாகன உரிமைச் சான்றிதழ் முறையில், சிஓஇ எனப்படும் அந்தச் சான்றிதழுக்கே ஒரு தனிவிலை உண்டு. பெரிய கார்களுக்கான பிரிவில் அது 2023 அக்டோபரில் 150,001 வெள்ளியைத் தொட்டது. வண்டியின் விலை அதற்கு மேல். சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டுகள். முகாமுக்கென்றே இன்னொரு வண்டி வைத்துக்கொள்வதைச் சாதாரணக் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாது. வாரநாளில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, தாத்தா பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் அதே ஏழு இருக்கை வண்டிதான் வாரக்கடைசியில் படுக்கையாக வேண்டும். திங்கட்கிழமை காலை அது மறுபடியும் ஏழு பேர் உட்காரும் வண்டியாக நிற்க வேண்டும்.

சட்டமும் இதையே வற்புறுத்துகிறது. எத்தனை இருக்கை என்பது வண்டியின் பதிவு விவரங்களில் உள்ளது. இருக்கையைக் கழற்றுவதும் கூட்டுவதும் வாகன மாற்றமாகக் கருதப்படும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளுக்கு அது உட்பட்டாக வேண்டும். புது வண்டி 3 ஆண்டு நிறைந்ததும் முதல் பரிசோதனைக்குப் போகிறது. அதன்பின் 10 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஆகவே இங்கு நல்ல படுக்கை என்றால் ஆணி அடிக்காத, துளை போடாத, கால் மணி நேரத்தில் விரித்துக் கால் மணி நேரத்தில் எடுத்துவிடக்கூடிய படுக்கை.

அதற்கான வாய்ப்பு வண்டியிலேயே ஓரளவு இருக்கிறது. சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடும் சியென்டா, ஃபிரீட், நோவா, வாக்ஸி, ஸ்டெப்வேகன், செரினா எல்லாம் ஜப்பானியர் தங்கள் ஊருக்காக வடிவமைத்தவை. ஜப்பானில் வண்டிக்குள் உறங்கிப் பயணம் போவது பரவலான பழக்கம். 1993 முதல் அங்கு முறையாகப் பதிவு பெற்றுவரும் சாலையோர ஓய்வு நிலையங்கள் இன்று 1,200-க்கும் மேல். அதனால் அங்குள்ள வண்டி உற்பத்தியாளர்கள் இருக்கைகளை மடிப்பதற்கும் சாய்ப்பதற்கும் நிறைய மூளையைச் செலவழித்திருக்கிறார்கள். இரு நாட்டிலும் இடப்பக்கச் சாலை ஓட்டம் என்பதால் அதே வண்டிகள் அப்படியே இங்கு இறக்குமதியாகின்றன. கூடவே ஒரு குறையும் வருகிறது. ஜப்பானின் சிறிய கார் வகுப்பில் அகலம் 1.7 மீட்டருக்குள் அடங்க வேண்டும். கதவுத் தடிமனும் சக்கர மேடும் போக, பின்பகுதியில் மிஞ்சும் தட்டையான அகலம் சுமார் ஒரு மீட்டர்தான். இரண்டு பெரியவர்கள் நெருங்கிப் படுக்கலாம். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை.

மூன்றாம் வரிசை எப்படி மடிகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சியென்டாவில் அது மடிந்து இரண்டாம் வரிசையின் அடியில் நுழைந்துகொள்கிறது. ஸ்டெப்வேகனிலும் ஒடிசியிலும் தளத்துக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. இவை படுக்கைக்கு உகந்தவை. நோவா, செரினா, ஃபிரீட் ஆகியவற்றில் இருக்கைகள் இரு பக்கமும் மேலே தூக்கிக் கட்டப்படுகின்றன. தளம் தட்டையாகக் கிடைத்தாலும் தோள் மட்டத்தில் இடம் பறிபோகும். ஒரு காலத்தில் சிங்கப்பூரில் தெருவுக்குத் தெரு நின்ற டொயோட்டா விஷ் வேறு வகை. இருக்கைகள் நன்றாக மடியும், நீளமும் உண்டு, ஆனால் கூரை தாழ்வு. அதில் படுக்கலாம், படுத்தவர் எழுந்து உட்கார முடியாது.

பலகை எதுவும் இல்லாமல் இருக்கைகளை மட்டும் கொண்டே படுக்கை அமைப்பது முதல் முறை. முன்னிருக்கைகளின் தலைச்சாய்வைக் கழற்றி, இருக்கையை முடிந்தவரை முன்னே தள்ளி, சாய்மானத்தைப் பின்னால் முழுதும் படுக்கவைத்தால் அதன் நுனி இரண்டாம் வரிசையின் உட்காருமிடத்தைத் தொடும். இரண்டாம் வரிசையையும் அவ்வாறே சாய்த்தால் மூன்றாம் வரிசையோடு சேரும். பெட்டி வடிவ வண்டிகளின் கையேடுகளிலேயே இது படத்தோடு இருக்கும். படத்தில் சமதளமாகத் தெரிவது உண்மையில் மேடும் பள்ளமும். உட்காருமிடம் முழங்கால் பக்கம் உயர்ந்து இடுப்புப் பக்கம் தாழும். சாய்மானத்தின் இரு ஓரமும் முதுகைத் தாங்குவதற்காகப் புடைத்து நிற்கும். இரண்டு இருக்கைகள் சேரும் இடத்தில் ஒரு பிளவு விழும். பள்ளங்களைப் போர்வை, துண்டு, மடித்த உடைகள் கொண்டு நிரப்பிவிட்டு மேலே மெத்தை விரித்தால் ஓர் இரவு சமாளிக்கலாம். நிரப்பாமல் நேரே மெத்தையை விரித்தவர் காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். சாலையோரத்தில் இரண்டு மணி நேரம் கண்ணயர இந்த முறையே போதும். அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

இரண்டாவது முறை, பின்னிருக்கைகளை மடித்து அவற்றின்மேல் பலகை மேடை போடுவது. முழு ஒட்டுப்பலகை ஒன்றின் அளவு 4-க்கு 8 அடி. 12 மில்லிமீட்டர் தடிமன் என்றால் எடை ஏறத்தாழ 20 கிலோ. ஒரு மீட்டர் அகலமும் 180 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட மேடையை அதிலிருந்து வெட்டியபின் கால்களுக்கும் மிச்சம் இருக்கும். முழுப் பலகையை மின்தூக்கியில் ஏற்றப் போராடுவதைவிடக் கடையிலேயே மூன்று துண்டாக வெட்டி வாங்குவது நல்லது. துண்டுகளைக் கீல் வைத்து இணைத்தால் ஒன்றன்மேல் ஒன்றாக மடியும். பகலில் அந்த அடுக்கு பின்கதவை ஒட்டி நிற்கும். இரவில் முன்னோக்கி விரியும். முன்னிருக்கையின் பின்னுள்ள கால்வைக்கும் பள்ளத்தில் முன்துண்டு அந்தரத்தில் தொங்கும் என்பதால் அதற்கு மட்டும் மடக்குக் கால்கள் அவசியம். பலகையின் அடியில் பழைய கம்பளமோ ரப்பர் விரிப்போ ஒட்டினால் இருக்கைத் துணி கிழியாது, ஓடும்போது கிறீச்சிடும் ஓசையும் வராது.

மேடை எவ்வளவு உயரம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அடியில் பெட்டிகள் வைக்க ஆசைப்பட்டு 40 சென்டிமீட்டர் உயர்த்தினால் மேலே இடம் போய்விடும். உட்கார்ந்திருக்கும் பெரியவரின் உயரம், இருக்கைத் தளத்திலிருந்து உச்சந்தலை வரை, சுமார் 85 முதல் 90 சென்டிமீட்டர். வண்டியின் உள்ளுயரத்திலிருந்து அதையும் மெத்தையின் தடிமனையும் கழித்தால் வருவதே மேடையின் உச்ச உயரம். சிறிய வண்டிகளில் அது 25, 30-ஐத் தாண்டாது. உட்கார முடியாத படுக்கையில் உடை மாற்றுவதும் குழந்தைக்குப் பால் கொடுப்பதும் எவ்வளவு சிரமம் என்பது முதல் இரவிலேயே தெரிந்துவிடும்.

பலகைக்குக் கீல், திருகாணி, பட்டை போன்றவற்றை ஜாலான் புசார் வட்டாரத்து இரும்புப்பொருள் கடைகளில் வாங்கலாம். 12 வோல்ட் விசிறிக்கும் கம்பிக்கும் அங்கேயே சிம் லிம் டவர் இருக்கிறது. சாலையைக் கடந்து தேக்கா பக்கம் வந்தால் கோரைப்பாய், ஜமக்காளம், கொசுவலை. கோரைப்பாயை யாரும் முகாம் பொருளாக நினைப்பதில்லை, ஆனால் இந்தத் தட்பவெப்பத்துக்கு அதைவிடப் பொருத்தமானது குறைவு. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி வடக்கே இருக்கும் ஊரில் வியர்வை மெத்தைக்குள் இறங்கும். பலகைக்கு மேல் நேரே கிடக்கும் ஃபோம் மெத்தையின் அடிப்பக்கம் சில இரவுகளிலேயே பூஞ்சை பிடிக்கும். இடையில் ஒரு பாய் இருந்தால் காற்று புகும். பலகையிலும் சில துளைகள் போட்டுவைப்பது நல்லது. மேலே விரிக்கும் பருத்தி ஜமக்காளம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பழைய கூண்டுவண்டியில் வைக்கோல், அதன்மேல் பாய், அதன்மேல் துணி என்று அடுக்கிய அதே ஒழுங்குதான் இது. ஃபோம் 5 சென்டிமீட்டர் போதுமென்று கடைக்காரர் சொல்வார். ஒருக்களித்துப் படுப்பவருக்கு 7 அல்லது 8 வேண்டும்.

படுக்கையைவிடப் பெரிய பிரச்சினை காற்று. உறங்கும் ஒருவரின் உடல் சுமார் 70, 80 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. இரண்டு பேர் படுத்த வண்டிக்குள் பழைய குண்டு பல்புகள் இரண்டு விடியும்வரை எரிவதற்குச் சமம். வெளியே நள்ளிரவிலும் 25, 26 டிகிரி, ஈரப்பதம் மிக அதிகம். கண்ணாடிகளை மூடிப் படுப்பது நடக்காத காரியம். எதிரெதிர்ப் பக்கத்துக் கண்ணாடிகளை இறக்கி, கதவின் மேற்பகுதி முழுதையும் மூடும்படி கொசுவலைத் துணியை உறைபோல மாட்டி, ஒரு சிறு விசிறியை வெளிநோக்கி வைத்தால் சூடான காற்று வெளியேறி மறுபக்கத்திலிருந்து புதுக்காற்று வரும். டெங்கி உள்ள ஊர்களில் வலையைப் பொழுது விடிந்ததும் கழற்றிவிடக் கூடாது. ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். காலையும் மாலையும் அதற்கு உகந்த வேளை.

மழைக்கு, கதவின் மேல்விளிம்பில் பொருத்தும் தடுப்பு இருந்தால் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கியே வைக்கலாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வரும் சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். கடற்கரையில் கூடாரம் போட்டவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரம் அது. கூடாரத்தைவிட வண்டி மேல் என்று பலர் முடிவெடுப்பதற்கு அந்த ஒரு காற்றே போதும்.

எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டு உறங்கக் கூடாது. சிங்கப்பூரில் நிறுத்திய வண்டியின் எஞ்சினைத் தேவையின்றி ஓடவிடுவது அபராதத்துக்குரிய குற்றம். அபராதம் சின்ன விஷயம். புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சுவரை ஒட்டியோ புதரை ஒட்டியோ பின்பக்கமாக நிறுத்திய வண்டியில் அது உள்ளே புகுந்தால் உறங்குபவர் விழிக்கவே மாட்டார். வண்டிக்குள் அடுப்பு மூட்டுவதிலும் இதே ஆபத்து. விசிறிக்கு எஞ்சின் வேண்டியதில்லை. 10 வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 80 வாட்-மணி. கையில் தூக்கும் 300 வாட்-மணி மின்கலம் இரண்டு மூன்று இரவு தாங்கும். அந்த மின்கலத்தைப் பகல் வெயிலில் பூட்டிய வண்டிக்குள் விட்டுச்செல்லக் கூடாது. 2024-இல் சிங்கப்பூருக்கு வந்த பிஒய்டி எம்6 போன்ற மின்வண்டிகள் இந்தக் கணக்கை மாற்றுகின்றன. புகையே இல்லாததால் அவற்றில் இரவு முழுதும் ஏசி போடலாம். காலையில் மின்னேற்ற இடம் பக்கத்தில் இருந்தால் சரி.

எங்கே நிறுத்திப் படுப்பது? சிங்கப்பூருக்குள் இதற்கு இடம் மிகக் குறைவு. ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் பூங்காக்களில் தேசியப் பூங்காக் கழகம் முகாம் அனுமதி தருவது குறிக்கப்பட்ட இடத்தில் அடிக்கும் கூடாரத்துக்கு. வாகன நிறுத்துமிடம் முகாம் தளம் ஆகாது. புலாவ் உபினுக்குச் சாங்கியிலிருந்து படகுதான், கார் போகாது. எனவே வண்டிப் படுக்கை உண்மையில் பயன்படுவது கடற்பாலத்துக்கு அப்பால், மலேசியாவில்: தேசாரு, மெர்சிங் பக்கத்துக் கடற்கரை முகாம்கள், தைப்பூசத்துக்குப் பத்துமலை, உறவினர் வீட்டு விசேஷத்துக்கு ஈப்போவோ பினாங்கோ. கோலாலம்பூர் ஏறத்தாழ 350 கிலோமீட்டர், பினாங்கு அதைப்போல் இரு மடங்கு. விடுமுறை நெரிசலுக்கு அஞ்சி நள்ளிரவில் எல்லை கடப்பவர்கள் விடியுமுன் களைத்துப்போவார்கள். 1994-இல் முழுமையடைந்த வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மச்சாப், பாகோ, ஆயர் கெரோ என்று வரும் ஓய்விடங்களில் கழிப்பறையும் உணவுக்கடையும் வெளிச்சமும் உண்டு. ஓட்டுநர் கண்ணயர அவை நல்ல இடம். அங்கே மேசை நாற்காலி போட்டுச் சமைக்கத் தொடங்குவது முறையல்ல. பெட்ரோல் தொட்டியில் முக்கால் பங்கு இல்லாமல் சிங்கப்பூர் வண்டி எல்லையைத் தாண்ட முடியாது. 2025 ஜூலை 1 முதல் மலேசியா தன் வாகன நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர் வண்டிகளுக்கு அபராதமும் விதிக்கிறது.

மது அருந்தியவர் வண்டியில் படுத்துக்கொண்டால் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. சிங்கப்பூரின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில், போதையில் வண்டி ஓட்டுவதைப் போலவே, போதையில் வண்டியின் பொறுப்பில் இருப்பதும் தனிக் குற்றம்.

வண்டி ஓடும்போது படுக்கையில் ஒருவரும் இருக்கக் கூடாது. பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள் என்று அப்படியே கிளப்பும் ஆசை வரும், ஆனால் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைக்கு உரிய பாதுகாப்பு இருக்கை சட்டப்படி கட்டாயம். மடித்த பலகையையும் தளத்திலுள்ள கொக்கிகளில் பட்டை போட்டு இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் திடீர் பிரேக்கில் அந்தக் கனமான மரம் முன்னிருக்கைக்காரரின் பிடரிக்கு வரும். பல வண்டிகளின் பின்கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. பக்கக் கதவில் குழந்தைப் பூட்டு போட்டிருந்தால் அதுவும் திறக்காது. படுக்கும் முன் பூட்டை எடுத்துவிட்டு, சாவியும் காலணியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கூரை விளக்கை அணைத்துவைக்காவிட்டால் இரவெல்லாம் எரிந்து, காலையில் வண்டி கிளம்பாது.

வீடு திரும்பியதும் பலகையை வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் பொது நடைபாதையில் சாய்த்துவைப்பது பலர் செய்வது. அங்கே 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. மரப்பலகை தீப்பிடிக்கும் பொருளும்கூட. மூன்றாக மடிந்த பலகையின் தடிமன் 4 சென்டிமீட்டருக்குள் அடங்கும். அலமாரிக்குப் பின்னாலோ கட்டிலுக்கு அடியிலோ அது போய்விடும். மெத்தையையும் பாயையும் மட்டும் உள்ளே வைக்குமுன் ஒரு நாள் முழுதும் வெயிலில் காயவைக்க வேண்டும்.